நண்டுத்திடலுக்கு ஒரு புள்ளி

அனுப்புநர்:
வீ. காத்தான்,
கிராம உதவியாளர் (ஓய்வு),
நண்டுத்திடல்,
(தபால்காரருக்குப் புரிவதற்காக: காலனித் தெரு, மேலப்பனங்குடி),
நீடாமங்கலம் வழி.

பெறுநர்:
முனைவர் நஜ்மா அவர்கள்,
ஆசிரியர், 'அந்தும் ஊரும்' காலாண்டிதழ்,
தஞ்சாவூர்.

பொருள்: தங்கள் தை இதழ், 31ஆம் பக்க வரைபடத்தில் ஊர்ப்பெயர் திருத்தம் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. மேற்படி பக்கம். 2. என் மகள் மலர்க்கொடி எடுத்த புகைப்படம். 3. என் மனது.

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் அலுவலகத்தில் ஊசி குத்தி வைத்திருக்கும் பூச்சிகள் நீங்கலாக மற்ற எல்லா ஜீவராசிகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு சம்பா அறுத்தாகிவிட்டது, உளுந்து பூத்திருக்கிறது, நானும் என் மனைவி அம்சமும் நலம். எங்கள் கோழிகள் மட்டும் என்மேல் வருத்தத்தில் உள்ளன. காரணம் கீழே வரும்.

அம்மா, நான் முப்பத்தொரு வருடம் மேலப்பனங்குடியில் கிராம உதவியாளராக வேலை பார்த்தவன். முன்பெல்லாம் தலையாரி என்பார்கள். ஊரார் எழுதிய மனு எத்தனையோ என் கையால் தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கிறது. பட்டா மாறுதல், வரப்புத் தகராறு, வாரிசுச் சான்று, ஒரு முறை பக்கத்து வீட்டுச் சேவல் சீக்கிரம் கூவுகிறது என்றுகூட. ஆனால் எனக்காக ஒரு மனுவும் நான் எழுதியதில்லை. இதுதான் முதல் மனு. ஆகவே கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும், முப்பத்தொரு வருடப் பாக்கி.

எனக்குத் தெரிந்த அந்து ஆதியில் இரண்டே வகை. நெல்லைக் கெடுப்பது ஒன்று, போர்வையைக் கெடுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் மருந்து உண்டு. என் மகள் மலர்க்கொடி விலங்கியல் படித்து, கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்த பிறகுதான் இந்த உலகத்தில் மூன்றாவது அந்து இருப்பதே எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பொழுது சாய்ந்ததும் வாசலில் ஒரு கயிறு கட்டி, வெள்ளைத் துணி தொங்கவிட்டு, பின்னால் ஒரு பல்பு போட்டுவிடுவாள். அந்த வெள்ளைத் துணி என்னுடைய பணி நிறைவு விழாவில் தாசில்தார் தன் கையால் எனக்குக் கொடுத்த வேட்டி. நான் அதை ஒரு முறைகூடக் கட்டவில்லை, பூச்சிகள்தான் கட்டின. "ஏம்மா, வேற துணியே இல்லையா?" என்று கேட்டேன். "இதுதாம்பா நல்லா வெளுப்பா இருக்கு. தாசில்தார் குடுத்ததுன்னா பூச்சிக்கும் ஒரு மரியாதை" என்றாள். மூன்று வருடத்தில் அந்த வேட்டியில் வந்து உட்கார்ந்தவை நூற்று நாற்பத்திரண்டு வகை. எல்லாவற்றுக்கும் பெயர், தேதி, நேரம் போட்டு ஒரு பதிவேடு வைத்திருக்கிறாள். எங்கள் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் கணக்குகூட அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மேற்படி அந்து கண்டறியப்பட்டது போன புரட்டாசி இரண்டாவது ஞாயிறு, விடியற்காலை ஐந்தரை மணிக்கு. எங்கள் தெரு முனையில் ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதன் கீழே விடிய விடிய எரியும் ஒரு விளக்கும் இருக்கிறது. வேட்டிக்கு வராமல் நழுவியவை ஏதாவது அங்கே தங்கியிருக்குமா என்று பார்க்கப் போனவள், "அப்பா, ஓடியாங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள். நான் பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடினேன். அங்கே தூணில், பாசிப்பச்சையும் செம்மண்ணும் குழைத்த நிறத்தில், மூன்று அங்குல நீளத்தில் ஒன்று, தாலுகா ஆபீஸ் தலைமை எழுத்தர் மத்தியானத்தில் உட்கார்ந்திருப்பது போல அசையாமல் உட்கார்ந்திருந்தது. மலர்க்கொடி மெல்ல ஒரு குச்சியால் தொட, இறக்கையைத் திறந்தது. உள்ளே ரோஜாச் சிவப்பு. "பருந்து அந்துல ஒரு வகைப்பா. மலையோரத்துல இருக்கு, வடக்க கொஞ்சம் இருக்கு. நம்ம டெல்டாவுல இதுவரைக்கும் ஒருத்தருமே பதியல" என்றாள். நான் கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

படத்தைத் தங்களுக்கு அனுப்பினாள். மூன்றாம் நாள் தாங்கள் பாராட்டிப் பதில் போட்டீர்கள். அவள் அழுதாள். அந்தப் பதிலை நான் நீடாமங்கலம் கொண்டுபோய் அச்செடுத்து, லேமினேஷன் செய்து, டிவிக்கு மேல் மாட்டியிருக்கிறேன். டிவி பார்ப்பவர்கள் இப்போது அதைத்தான் முதலில் படிக்க வேண்டும், பிறகுதான் சீரியல்.

தை மாதம் தங்கள் இதழ் வந்தது. 31ஆம் பக்கத்தில் தமிழ்நாட்டு வரைபடம். மேற்கே மலையோரம் முழுவதும் அம்மை போட்டது போலப் புள்ளிகள். டெல்டா மட்டும் வெள்ளை வெளேர் என்று கிடக்க, நடுவில் சிவப்பாக ஒரே ஒரு புள்ளி. எங்கள் புள்ளி! அதை ரேஷன் கடையில் காட்டினேன், டீக்கடையில் காட்டினேன். மன்னார்குடி பஸ்ஸில் கண்டக்டரிடம் காட்டினேன், அவர் பயணச்சீட்டு என்று நினைத்து ஓரத்தைக் கிழிக்கப் பார்த்தார், தடுத்தேன். வீட்டுக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புள்ளிக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். 'மேலப்பனங்குடி அருகில்' என்று இருந்தது.

அருகில்! அம்மா, தாங்கள் படித்தவர்கள், தாங்களே சொல்லுங்கள், அருகில் என்பது ஒரு ஊரா? நாங்கள் யாருக்கும் அருகில் இல்லை. நாங்கள் நண்டுத்திடலில் இருக்கிறோம். பெருவெள்ளம் வந்தபோது சுற்றி எல்லாம் முழுகி, இந்த மேட்டில் நண்டுகளும் எங்கள் பாட்டன்மார்களும் மட்டும் ஏறி நின்றதால் வந்த பெயர் அது. நாற்பத்திரண்டு வீடு. இந்த வீட்டுக்காரர்கள் வெட்டாத வாய்க்கால் சுற்றுவட்டத்தில் இல்லை, நடாத வயல் இல்லை. ஆனால் ரேஷன் அட்டையில் நாங்கள் 'காலனித் தெரு'. வாக்காளர் பட்டியலில் 'காலனி'. பஸ்ஸில் 'பனங்குடி காலனி ஸ்டாப்பு எறங்கு'. முப்பத்தொரு வருடம் மேலப்பனங்குடி நில வரைபடத்தை என் தோளில் சுமந்து திரிந்தேன். அதில் ஒவ்வொரு வரப்புக்கும் எண் உண்டு, கோணலாக நின்ற ஒரு பனைமரத்துக்குக்கூடக் குறி உண்டு. நான் பிறந்த இடத்தில் 'நத்தம்', அதாவது குடியிருப்பு, என்று ஒரே வார்த்தையை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். மற்றவன் நிலத்துக்கு அளவுச் சங்கிலி பிடிக்கும்போதெல்லாம் அந்த வார்த்தையைப் பார்ப்பேன். வலிக்கும். யாரிடமும் சொன்னதில்லை, தங்களிடம்தான் சொல்கிறேன்.

இந்த 'அருகில்' செய்த வேலையைக் கேளுங்கள். இதழ் வந்த நாலாம் நாள் மேலப்பனங்குடி கடைத்தெருவில் ஒரு ஃப்ளெக்ஸ் எழுந்தது. 'உலகமே வியக்கும் அரிய அந்து கண்ட மேலப்பனங்குடி மண்ணே வாழ்க!' வைத்தவர் முன்னாள் ஊராட்சித் தலைவர் துரைராசு. அவர் படம் ஆறடி, பூச்சி படம் அரையடி, அதுவும் அந்து இல்லை, வண்ணத்துப்பூச்சி. நேரே போய்க் கேட்டேன். மலர்க்கொடி கல்லூரிக்கு வேலைக்குப் போன நாள் முதல் துரைராசு எனக்கு 'வாங்க' போடுகிறார். அதற்கு முன் என்ன போட்டார் என்பதை இந்த மனுவில் எழுத அவசியமில்லை.

"வாங்க காத்தான், ஒக்காருங்க. தண்ணித் தொட்டி யாருது? பஞ்சாயத்துது. பஞ்சாயத்து எந்த ஊரு? மேலப்பனங்குடி. அப்ப பூச்சி எந்த ஊரு? நீங்களே சொல்லுங்க."

"தொட்டி எல்லைக் கோட்டு மேல நிக்கிதுங்க. பூச்சி எந்தத் தூணுல ஒக்காந்துச்சோ அதுதாங்க கணக்கு" என்றேன்.

"அளந்தா பாக்க முடியும்?" என்று சிரித்தார்.

கேட்கக்கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார். மறுநாளே பரணிலிருந்து பழைய நில அளவை டேப்பை எடுத்தேன். எல்லைக்கல் புதருக்குள் கிடந்தது, வெட்டிச் சுத்தம் செய்தேன். மலர்க்கொடி மறு முனையைப் பிடித்துக்கொண்டு, தன்னுடன் வேலை பார்ப்பவர்கள் யாரும் அந்த வழியாக வந்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றாள். தொட்டிக்கு நாலு தூண். வடக்குத் தூண் இரண்டும் மேலப்பனங்குடி புல எண்ணில். தெற்குத் தூண் இரண்டும் எங்கள் நத்தத்தில். மேற்படி அந்து உட்கார்ந்தது தென்மேற்குத் தூணில், எல்லைக்கு ஏழடி நாலங்குலம் தெற்கே, தரையிலிருந்து நாலடி உயரத்தில், முகம் கிழக்கு நோக்கி. வரைபடம் போட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் கொண்டுபோய், பூச்சிக்கு ஓர் இருப்பிடச் சான்று கேட்டேன். தங்கமான பையன், கம்ப்யூட்டரைத் திறந்து முயற்சிகூடச் செய்தான். "ஐயா, ஆதார் நம்பர் கேக்குதுங்க. தகப்பனார் பேரும் கேக்குது" என்றான். கடைசியில் என் வரைபடத்தின் மூலையில் 'அளவு பார்வையிடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். இணைப்பு 1 காண்க.

இத்தனையும் செய்து மலர்க்கொடியிடம் பெருமையாக நீட்டினால், அவள் சொல்கிறாள், "அப்பா, பூச்சிக்கெல்லாம் பட்டா கெடையாதுப்பா. ஒரு நாள் ஒக்காந்துட்டுப் போனா அது விருந்தாளியாக்கூட இருக்கலாம். இங்கதான் வாழுதுன்னு சொல்லணும்னா அதோட புழு வேணும், புழு திங்கிற செடி வேணும்."

விடுவேனா? நண்டுத்திடலில் வீடு வீடாகப் போய், எந்தச் செடியில் எந்தப் புழு கண்டாலும் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். எங்கள் ஜனங்களுக்கு ஊர் மேல் அவ்வளவு பற்று. மறுநாள் காலையில் நாற்பத்திரண்டு வீட்டிலிருந்தும் முறத்தில், சொம்பில், டிபன் பாக்ஸில் புழு வந்தது. அதில் முக்கால்வாசி முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி. மூன்று நாள் தெருவே சொறிந்தது. ஆண்களும் பெண்களும் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் பூசி, கல்யாண வீடு போல மஞ்சள் மஞ்சேலென்று நடமாடினார்கள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள், அதுவும் சொறிந்துகொண்டே.

நாலாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். பிரண்டைத் துவையல். அம்சம் பரிமாறிக்கொண்டே அங்கலாய்த்தாள். "இந்த வருசம் பெரண்டையில புழு சாஸ்தி. காலையிலகூட பதினஞ்சு பொறுக்கிக் கோழிக்குப் போட்டேன். பச்சப் பசேல்னு, வாலுல ஒரு கொம்பு வேற."

மலர்க்கொடி வாய்க்குக் கொண்டுபோன உருண்டையை அப்படியே நிறுத்தினாள். "அம்மா, எத்தன வருசமா போடுற?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து. ஏன், கோழிக்கு ஆவாதா?"

ஆசிரியர் அம்மா, தமிழ்நாட்டு வரைபடத்தில் ஏற வேண்டிய பூச்சியை முப்பது வருடமாக முட்டையாக நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம்! எழுந்து ஓடி, எட்டுக் கோழியையும் பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்த்தேன். கை கழுவக்கூட இல்லை. வேலியில் தேடியதில் இரண்டு புழு தப்பியிருந்தன. அவற்றைப் பழைய மாவுச் சட்டியில் மண் போட்டு, பிரண்டை கிள்ளிப் போட்டு வளர்த்தோம். கோழிகளும் அன்றிலிருந்து பஞ்சாரத்துக்கும் கட்டுக்காவலுக்கும் நடுவில் வாழ்கின்றன, துவையலும் எனக்கு நின்றுபோயிற்று. ஒரு புழு செத்துவிட்டது. இன்னொன்று மண்ணுக்குள் கூடு கட்டி, பத்தொன்பதாம் நாள் வெளியே வந்தது. அதே பாசிப்பச்சை, அதே ரோஜாச் சிவப்பு. நான் மகளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அதன் படத்துக்கு இணைப்பு 2 காண்க.

அன்று சாயங்காலமே என் மைத்துனர் சேரனுக்குப் போன் போட்டேன். அம்சத்தின் தம்பி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். கல்யாணமான நாள் முதல் அவர் ஊர்த் தேங்காயின் பெருமையை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "ஒரு புழுவுக்கா மச்சான் இவ்ளோ அலப்பறை?" என்றார். "ஒங்க ஊருல தேங்கா இருக்கலாம் மாப்ள. மேப்புல புள்ளி இருக்கா?" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஓய்வூதியத்துக்கு அடுத்தபடியாக எனக்குக் கிடைத்த பெரிய பலன் அந்த மௌனம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் தங்கள் வரைபடத்தை வைத்துக்கொண்டு மலர்க்கொடியிடம் கேட்டேன், டெல்டா முழுக்க ஏன் இவ்வளவு வெறுமையாக இருக்கிறது, இங்கே பூச்சியே கிடையாதா என்று. "புள்ளி இல்லாத எடத்துல பூச்சி இல்லேன்னு அர்த்தம் இல்லப்பா. பாக்க ஆளு போவலேன்னுதான் அர்த்தம்" என்றாள். இதை அவள் பூச்சிக்குத்தான் சொன்னாள். ஆனால் என் அப்பா மண்வெட்டியோடு போனதும், நான் சங்கிலியோடு போனதும், அந்த 'நத்தம்' என்ற ஒரே வார்த்தையும் என் கண் முன்னால் வந்து நின்றன. எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தி ஒரு வரைபடத்தைச் சுமக்கவில்லை, வரைபடத்தில் எழுதியிருக்கிறாள். அந்தப் பெருமை எனக்குப் போதும் என்று சொல்ல ஆசைதான். போதவில்லை அம்மா. பெயரும் வேண்டும்.

ஆகவே, இடம், அளவு, புழு, செடி நான்கும் தக்க சான்றுகளுடன் நிரூபிக்கப்பட்டுவிட்டபடியால், 'மேலப்பனங்குடி அருகில்' என்பதை அடித்து, டெல்டாவிலேயே மேற்படி அந்தின் ஒரே சொந்த ஊர் 'நண்டுத்திடல்' என்று அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் துரைராசு கண்ணாடி இல்லாமலே படித்துக்கொள்வார்.

தங்கள் இதழ் நூறாண்டு நடக்கட்டும். தங்கள் பிள்ளைகள் பேரும் புகழுமாய் வாழட்டும். தங்கள் விளக்கைத் தேடி வருகிற பூச்சியெல்லாம் தங்களுக்கு நல்ல சேதி கொண்டுவரட்டும். அம்சம் தங்களை ஒரு முறை வீட்டுக்கு வரச் சொன்னாள். முட்டைக் குழம்பு வைப்பாளாம். இனிமேல் அந்தக் கோழி என்ன சாப்பிட்டது என்று கவலைப்பட வேண்டியதில்லை.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
வீ. காத்தான்
நண்டுத்திடல்
பங்குனி 3

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் கடிதத்தை அம்சத்துக்குப் படித்துக் காட்டினேன். 'ஒரே சொந்த ஊர்' என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். "அந்தப் பெரண்டை இங்க எப்புடி வந்துச்சுன்னு நெனப்பிருக்கா? மறுவீட்டுக்குப் போயிட்டு வரும்போது எங்கம்மா ஈரத்துணியில சுத்திக் குடுத்தாங்க. பஸ்சு பூரா மடியில வச்சுக்கிட்டு வந்தேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பி ஒக்காந்திருந்தீங்க. எங்க ஊருல வேலி பூரா இந்தப் புழுதான். கொம்புப்புழுன்னு பேரே உண்டு" என்றாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க யாரைக் கேட்டீங்க? தூணை அளந்தீங்க, தொரைராச கேட்டீங்க, தெரு பூரா கேட்டீங்க. என்னையக் கேட்டீங்களா?" என்றாள். சேரனுக்குப் போன் போட்டாள். அவர் சிரித்துக்கொண்டே வேலிக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பினார். ஏழு புழு. மோட்டார் கொட்டகைச் சுவரில் அந்தும் ஒன்று. மலர்க்கொடி பார்த்துவிட்டு, "அதேதாம்பா" என்றாள். இந்த முறை சத்தம் இல்லாமல் இருந்தவன் நான்.

ஆகவே மேலே கண்ட கோரிக்கையையும், இணைப்பு 1ஐயும், ஏழடி நாலங்குலத்தையும் இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கோழிகள் விடுதலை ஆகிவிட்டன, பிரண்டை வேலிக்கு மட்டும் வலை கட்டியிருக்கிறேன். அம்சம் பிறந்த ஊரும் எல்லாக் காகிதத்திலும் 'காலனி'தான். அதன் பெயர் இலந்தைக்காடு. அதைத் தாங்கள் முதல் புள்ளியாக, பெரிய எழுத்தில் போட வேண்டும். 'பட்டுக்கோட்டை அருகில்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அவர்களும் யாருக்கும் அருகில் இல்லை. மிச்சம் இடம் இருந்தால் எங்களுக்கும் ஒரு சின்னப் புள்ளி வைத்து, 'நண்டுத்திடல், இலந்தைக்காட்டுக்கு அருகில்' என்று எழுதிக்கொள்ளலாம். ஐம்பது கிலோமீட்டர்தான். அந்த 'அருகில்' பற்றி எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.